அக்கா கல்யாணத்தில் புகுந்த கரையான்

என் அக்கா கல்யாணத்துக்கு எங்கள் சொந்தக்காரர்களில் ஒருவரைக்கூட அழைக்காமல், பினாங்கில் கரையான் அரித்த வீட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் அழைத்தவள் நான்தான். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு இப்போது வெட்கம் ஒன்றுமில்லை. (வெட்கப்படுகிற காலமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. வருஷத்துக்கு நாலு தடவை வீட்டில் யாராவது இந்தக் கதையை எடுத்து என் தோலை யானைத் தோலாக்கிவிட்டார்கள்.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்த கரையான் ஒழிப்பு நிறுவனத்தில் கிராணி (குமாஸ்தா) வேலை. கீழே காதர் பாயின் நாசி கண்டார் சோற்றுக்கடை. காலை பத்து மணிக்கெல்லாம் அவருடைய மீன் கறி வாசனை படியேறி வந்து எங்கள் மருந்து வாசனையோடு மல்லுக்கு நிற்கும். முதலாளி ஒரு தமிழர். நாங்கள் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். அவரைத் தவிர நான், சுவீ லான் என்கிற சீனத் தோழி, மருந்தடிக்கப் போகிற ஆறு ஆட்கள். அவ்வளவுதான் கம்பெனி.

அந்த வருஷம் பாஸ் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். விண்டோஸ் தொண்ணூற்றைந்து வந்த புதிது. என்னை மூன்று மாத வகுப்புக்கும் அனுப்பினார். அங்கே ஒரு தாளை நகலெடுத்துக் கொடுத்தார்கள். மவுஸைத் தொடாமல், விசைகளை மட்டும் தட்டி வேலை செய்வது எப்படி என்ற பட்டியல். நகலெடுக்க கண்ட்ரோல் சி. வெட்ட கண்ட்ரோல் எக்ஸ். ஒட்ட கண்ட்ரோல் வி. கோப்பின் பெயரை மாற்ற எஃப் டூ. அந்தத் தாளை வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்து, பொட்டு வைக்கும்போதும் தலை பின்னும்போதும் மந்திரம் போல மனப்பாடம் செய்தேன். வகுப்பு முடிந்ததும் நான் செய்த முதல் காரியம், அலுவலகத்து மவுஸைச் சுருட்டி மேசை இழுப்பறையில் போட்டதுதான்.

"மவுஸ் இல்லாம எப்படி?" என்று சுவீ லான் கேட்டாள். (நாங்கள் பேசிக்கொண்டது மலாயும் ஆங்கிலமும் குழைத்த ஒரு மொழியில். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.)

"மவுஸ் எல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு லா" என்றேன்.

கத்துக்குட்டி யார் என்பது பிறகு தெரிந்தது.

வசந்தி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது அந்த நேரத்தில்தான். மாப்பிள்ளை சுங்கை பட்டாணியில் ஆசிரியர். அப்பா துறைமுகத்தில் முப்பது வருஷம் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்து கோத்து வைத்த முத்து மாதிரி இருக்கும். பத்திரிகை உறைகளில் தன் கையாலேயே விலாசம் எழுத வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகவே புதுப் பேனா வாங்கி வைத்திருந்தார்.

"எந்தக் காலத்துலப்பா இருக்கீங்க? இருநூத்திப் பன்னெண்டு பேருக்குக் கையால எழுதுவீங்களா? என்கிட்ட குடுங்க, நாலு பட்டன் தட்டுனா லேபிள் லேபிளா வரும். ஒட்டி அனுப்பிடலாம்" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேனாவைப் பார்த்தார். பிறகு விலாச நோட்டை என்னிடம் நீட்டினார். "பாத்து செய் மாலு. முக்கியமா தைப்பிங் மாமாவுக்கு. நீதான் பொறுப்பு" என்றார்.

தைப்பிங் மாமா என்பது அம்மாவின் ஒரே அண்ணன். முன்பு ஏதோ ஒரு விசேஷத்தில் அவரை இரண்டாவது பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று ஆறு வருஷம் எங்களோடு பேசாமல் இருந்தவர். அம்மா அழுது கெஞ்சி, அப்போதுதான் மறுபடியும் போக்குவரத்து தொடங்கியிருந்தது. தாய்மாமன் இல்லாமல் எங்கள் வீட்டில் கல்யாணம் நடக்காது. முதலில் பத்திரிகை போகட்டும், அடுத்த ஞாயிறு நேரில் போய்த் தாம்பூலம் வைத்து அழைக்கலாம் என்று ஏற்பாடு.

பாஸ் அலுவலகத்தில் ஒரு சட்டம் வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் சொந்த வேலை செய்யக்கூடாது. அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பாஸ் வெளியே போன பிறகு, நாலு நாள் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு விலாசங்களையும் தட்டினேன். கோப்புக்கு ஆங்கில எழுத்தில் 'கல்யாணம்' என்று பெயர். அதே இடத்தில் ஏற்கெனவே இன்னொரு கோப்பு இருந்தது. எங்கள் வாடிக்கையாளர்கள் நூற்று எண்பது பேருடைய விலாசம். அதற்கு நான் வைத்திருந்த பெயர் 'கரையான்'.

இரண்டும் 'கே' எழுத்தில் தொடங்கும். 'கே' விசையைத் தட்டினால் அந்த எழுத்தில் தொடங்கும் முதல் கோப்புக்குத் தாவி நிற்கும். வரிசைப்படி முதலில் வருவது கல்யாணம்தான். ஆகவே கே, கல்யாணம். கே, கல்யாணம். நாலு நாளில் என் விரலுக்கு அது பழகிப்போயிற்று.

ஐந்தாம் நாள், விலாசங்களை ஒரு தடவை சரிபார்த்து, கோப்பை மூடி நான் நிமிரும்போது, மரப்படியில் பாஸின் காலடிச் சத்தம் கேட்டது. கூடவே இன்னொரு ஜோடிச் செருப்பு. யாரோ விருந்தாளிக்குக் கம்ப்யூட்டரைக் காட்டக் கூட்டி வருகிறார். திரையில் கோப்புகளின் பட்டியலில் பளிச்சென்று 'கல்யாணம்'.

வேறு யாராக இருந்தாலும் திரையை மூடியிருப்பார்கள். நான் வல்லுநர் அல்லவா? எஃப் டூ தட்டி, கல்யாணத்தை அழித்து, 'கரையான்' என்று அடித்தேன். அதே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது என்று கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. சரி என்று பின்னால் ஓர் இரண்டைச் சேர்த்தேன். 'கரையான் 2'. பாஸ் உள்ளே வரும்போது திரையில் இரண்டு கரையான்கள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

"பாருங்க, எல்லாம் நம்ம கஸ்டமர் லிஸ்ட்டு" என்று பாஸ் விருந்தாளியிடம் பெருமையாகச் சொன்னார். விருந்தாளி தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

அவர்கள் போனதும் பெயரைப் பழையபடி மாற்ற வேண்டுமே. பழகிய விரல் 'கே' தட்டியது. ஆனால் இப்போது வரிசையில் முதல் ஆள் கல்யாணம் இல்லை. வாடிக்கையாளர்களின் 'கரையான்'. எஃப் டூ தட்டி அதற்குத்தான் 'கல்யாணம்' என்று பெயர் சூட்டினேன். பக்கத்தில் 'கரையான் 2' என்று மிச்சம் இருந்ததைப் பார்த்தேன். இந்த இரண்டு எதற்கு அசிங்கமாக வால் மாதிரி என்று இன்னொரு எஃப் டூ தட்டி வாலையும் நறுக்கினேன். எங்கள் சொந்தக்காரர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அந்த நொடியிலிருந்து கரையான் ஆனார்கள்.

ஒரே ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் போதும். ஆனால் கோப்பைத் திறக்காமலேயே அச்சடிப்பதற்கும் ஒரு குறுக்கு வழி இருந்தது. அதுவும் எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த வாரம் வாடிக்கையாளர்களுக்கு வருடாந்தரப் பரிசோதனைக் கடிதம் வேறு போக வேண்டும். ஆகவே இரண்டு பட்டியலையும் ஒன்றன்பின் ஒன்றாக அச்சுக்கு அனுப்பினேன். அச்சு இயந்திரம் இருந்தது சுவீ லான் மேசைக்குப் பக்கத்தில். அடுத்த இரண்டு நாள் எனக்கு விடுப்பு, கல்யாணப் புடவை எடுக்கப் போக வேண்டும். பையை மாட்டிக்கொண்டே, "முதல்ல வர்ற லேபிள் எல்லாம் தங்கக் கலர் உறைக்கு, எங்க அக்கா கல்யாணப் பத்திரிகை. ரெண்டாவது வர்றது கம்பெனி கடிதத்துக்கு. ஸ்டாம்பு எல்லாம் வாங்கி வச்சிட்டேன். ஒட்டிப் போட்டுடு, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தைப்பிங் மாமாவின் கார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. மாமா இறங்கினார். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். கையில் ஒரு கடிதம்.

"வாங்கண்ணே, ஏன் அங்கயே நிக்கிறீங்க?" என்று அம்மா ஓடினாள்.

"வரக்கூடாதுன்னுதானே எழுதியிருக்கீங்க" என்றார் மாமா. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடிதத்தில் ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வேலியோரம் வந்தார்.

"மதிப்புக்குரிய வாடிக்கையாளரே. உங்க வீட்டுக்குள்ள உங்களுக்குத் தெரியாமலே கரையான் இருக்கலாம். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ளயே அரிச்சுக்கிட்டு இருக்கும்." மாமா நிறுத்தி அப்பாவைப் பார்த்தார். "இது யாரைச் சொல்றீங்க மச்சான்? என்னையா?"

அப்பா கடிதத்தை வாங்கக் கை நீட்டினார். மாமா கொடுக்கவில்லை.

"இன்னும் இருக்கு. இந்த மாதக் கடைசி வார இறுதியில எங்க ஆளு வருவாங்க. அன்னிக்கு வீட்டை விட்டு எங்கயும் போகாம இருக்கவும்." மாமா கடிதத்தை மடித்தார். "கடைசி வார ஞாயித்துக்கிழமைதானே வசந்திக்குக் கல்யாணம்? வராதேன்னு நேராவே சொல்லியிருக்கலாமே. எதுக்கு இந்தச் சுத்துவழி?"

அம்மா அழத் தொடங்கினாள். வசந்தி அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். கடிதத்தின் தலைப்பில் எங்கள் கம்பெனிச் சின்னம், மல்லாந்து கிடக்கும் கரையான், என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கே, எஃப் டூ, வால் நறுக்கியது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"மாமா, அது நான்தான்" என்றேன். சொல்லத் தொடங்கினேன். எஃப் டூ என்றால் என்னவென்று தாய்மாமனுக்கு விளக்குவது போன்ற கஷ்டம் உலகத்தில் வேறில்லை. பாதியில் எனக்கே அழுகை வந்துவிட்டது.

நான் சொல்லி முடித்த பிறகு மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கடைசியில், "அப்ப எங்க வீட்டுல கரையான் இல்லையா?" என்றார்.

"இல்ல மாமா."

"நேத்து முழுக்க நானும் உங்க அத்தையும் அலமாரி எல்லாத்தையும் நகத்திப் பாத்தோம் மாலு. முதுகு நிமிர்த்த முடியல."

முதலில் சிரித்தது அக்காதான். அழுதுகொண்டிருந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா கேட்டைத் தள்ளித் திறந்து உள்ளே வந்து, "சூடா கோப்பி போடு" என்று உட்கார்ந்தார். நான் மூச்சு விட்டேன்.

அப்போது அப்பா மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். "அப்ப நம்ம கல்யாணக் கார்டெல்லாம் யாரு வீட்டுல இருக்கு?"

நான் விட்ட மூச்சைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அலுவலகத்தில் தொலைபேசி ஓயவில்லை. (வாடிக்கையாளர் லேபிள்களின் அடியில் கம்பெனிப் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும்.) ஜெலுத்தோங் இரும்புக்கடைத் தவுக்கே, முதலாளி, கல்யாணத்துக்குத் தன் அம்மாவையும் அழைத்து வரலாமா என்று கேட்டார். பிறையில் உள்ள பிஸ்கட் தொழிற்சாலை மேலாளர் நாலு பேரோடு வருகிறாராம். ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர் ஒருவர், தமிழ்க் கல்யாணத்துக்கு என்ன நிறத்தில் உடுத்தினால் மரியாதை என்று விசாரித்தார். சுவீ லான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ கஸ்டமர் எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன்னு நெனச்சேன். நல்ல மனசு இவளுக்குன்னு, பத்தாத கடிதத்துக்கு நகல்கூட எடுத்து ஒட்டினேன். தப்பா?"

பத்து மணிக்கு பாஸ் வந்தார். அவர் கையில் தங்க நிற உறை. (அவர் வீட்டுக்கும் நாங்கள்தான் மருந்தடிப்போம். பட்டியலில் முதல் பெயரே அவருடையதுதான்.) "ஏம்மா, ஆபீஸ்ல இருக்கிற ஆளுக்குத் தபால்ல அனுப்புவியா? கையில குடுக்கக் கூடாதா?" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டே உட்கார்ந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பாஸ் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நூத்தி எம்பது பேரா?"

"ஆமா பாஸ்."

"போன் பண்ணி வர வேணாம்னு சொல்ல முடியுமா?"

"தப்பா அனுப்பிட்டோம்னு சொல்லலாம் பாஸ்."

"சொன்னா, இவன் விலாசத்தையே ஒழுங்கா ஒட்டத் தெரியாதவன், நம்ம வீட்டுக் கரையானை எங்க கண்டுபிடிக்கப் போறான்னு நெனைப்பாங்க. ஒருத்தருக்கும் சொல்லாதே. எல்லாரும் வரட்டும். உங்க அப்பாகிட்ட நான் பேசுறேன். பந்தி பரிமாற நம்ம ஆளுங்க ஆறு பேரையும் அனுப்புறேன். சமையல் சாமானுக்கு நம்ம லாரி போகும்." பிறகு தொலைபேசியை என் பக்கம் நகர்த்தினார். "இப்ப நீ உன் சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரையும் கூப்பிடு. ரெண்டு நாளைக்கு உனக்கு வேற வேலை வேணாம்."

மிச்சமிருந்த முப்பத்திரண்டு பத்திரிகை எந்த மூலைக்குப் போதும்? அதனால் இரண்டு நாள் முழுக்க, "உங்க வீட்டுல கரையான் இல்ல, எங்க வீட்டுல கல்யாணம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிலர் திட்டினார்கள். ஒரு சித்தப்பா, ஐந்து வருஷமாகக் கூப்பிடாத ஆள் இப்போதுதான் கூப்பிடுகிறாய் என்று ஒரு மணி நேரம் தன் மூட்டுவலியைப் பற்றிப் பேசினார். பட்டர்வொர்த் பெரியம்மா மட்டும் நம்பவில்லை.

"இல்லடி மாலு, நீ சும்மா சொல்ற. லெட்டர் வந்தப்புறம் காதை வச்சுக் கேட்டேன். செவுத்துக்குள்ள கரகரன்னு சத்தம் வருது. நீ ஆளை அனுப்பு."

வேறு வழியில்லாமல் ஆளை அனுப்பினோம். போனவர்கள் திரும்பி வந்து, அவ்வளவு பெரிய புற்றை இதுவரை பார்த்ததில்லை என்றார்கள். அந்தப் பெரியம்மாவின் கண்ணில் நான் இன்றைக்கும் அருள் வாக்குச் சொன்னவள்.

கல்யாணத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்துக் கோயில் மண்டபம் காலை எட்டு மணிக்கே நிறைந்துவிட்டது. வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற என்னைத் தாண்டி யார் யாரோ போனார்கள். இரும்புக்கடைத் தவுக்கே பட்டுச் சட்டையில் வந்தார், ஒரு கையில் அம்மா, இன்னொரு கையில் ரைஸ் குக்கர். சர்தார்ஜி டாக்டர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார், அவர் கையிலும் ரைஸ் குக்கர். மலாய் ஆசிரியர் போனில் சொன்னபடியே மஞ்சள் உடுத்தி வந்திருந்தார். பரிமாறும் ஆட்கள் ஆறு பேரும் கம்பெனியின் நீலச் சட்டையைத்தான் போட்டிருந்தார்கள். சாம்பார் வாளியோடு அவர்கள் குனியும்போதெல்லாம் முதுகில் மல்லாந்து கிடந்த கரையான் எல்லோருக்கும் தரிசனம் தந்தது.

மாப்பிள்ளையின் அப்பா கொஞ்சம் மிடுக்கானவர். நிச்சயத்தின்போது எங்கள் வீட்டை ஒரு பார்வை பார்த்தவர். அன்று மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, உங்களுக்கு இவ்ளோ பெரிய ஆளுங்களையெல்லாம் தெரியுமா?"

"போர்ட்டுல வேலை செஞ்சவன் லா" என்றார் அப்பா, கண் இமைக்காமல். "எல்லாத் தேசத்துக் கப்பலும் நம்மகிட்டதான் வரும்."

தாலி கட்டி முடிந்தது. தைப்பிங் மாமா முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நான் நினைத்த நேரத்தில் சமையற்காரர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நாலு பந்தி என்று சொன்னது ஐந்தாவதும் உட்கார்ந்துவிட்டது. சோறு வடித்துக்கொள்ளலாம், ஆனால் சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாம் தீர்ந்துபோயின. இன்னும் இரண்டு பந்திக்கு ஆள் நிற்கிறது.

அதைப் பக்கத்தில் நின்று கேட்டது காதர் பாய். (அவர் கடைச் சமையற்கட்டும் எங்கள் பட்டியலில் உண்டு. அவருக்கும் தங்க நிற உறை போயிருந்தது.) அவர் வெள்ளைச் சட்டையின் கையை மடித்து விட்டார்.

"எதுக்கும்மா முழிக்கிற? காய்கறி என்ன இருக்கு?"

"பாய், இங்க சைவம்தான்" என்றேன் தயங்கி.

"தெரியும். கறி போடாம குருமா வைக்கத் தெரியாதா எனக்கு? நம்ம லாரியைப் பசாருக்கு அனுப்பு. கோசும் உருளைக்கிழங்கும் தேங்காயும் வரட்டும்" என்றவர், சமையற்காரரின் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப் போனார். ஒரு மணி நேரத்துக்குள் அந்த மண்டபமே பட்டையும் கிராம்புமாக மணந்தது. அதுவரை காத்திருந்தவர்களுக்குத் தவுக்கேயின் அம்மா, தனக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தைகளை வைத்துக்கொண்டு, கை வீசிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஆறாவது, ஏழாவது பந்திக்காரர்கள் சாப்பிட்ட குருமாவைக் கேள்விப்பட்டு, முதல் பந்தியில் சாப்பிட்ட தைப்பிங் மாமா எழுந்து வந்து மறுபடியும் இலை போடச் சொன்னார். இந்தத் தடவை கடைசிப் பந்தியில் உட்கார்ந்ததற்காக அவர் யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை.

அக்காவுக்கு மொத்தம் ஏழு ரைஸ் குக்கர் வந்தது. பாஸுக்கு எங்கள் சொந்தக்காரர்களில் பதினோரு பேர் வாடிக்கையாளர் ஆனார்கள். அலுவலகம் திறந்ததும் சுவீ லான் இழுப்பறையிலிருந்து மவுஸை எடுத்துத் துடைத்து, என் கையில் வைத்தாள்.

அக்காவின் கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. மணமேடையில் குடும்பப் படம். அப்பா, அம்மா, சம்பந்திகள், தைப்பிங் மாமா, நான். மாப்பிள்ளைக்கு வலப்பக்கத்தில், அவர் தோளில் உரிமையோடு கை போட்டுக்கொண்டு, வாய் நிறையச் சிரித்தபடி, கழுத்தில் கேமராவோடு ஒரு மனிதர் நிற்கிறார். மாப்பிள்ளை வீட்டார் அவரை எங்கள் சொந்தம் என்று நினைத்தார்கள். நாங்கள் அவர்கள் சொந்தம் என்று நினைத்தோம். பாஸைக் கேட்டோம், அவருக்கும் தெரியவில்லை. நூற்று எண்பது பேரில் அவர் யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் கரையான் மாமா.

போன வருஷம் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அழைப்பிதழ் பட்டியல் போட எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். நான் லேப்டாப்பின் பக்கம் கை நீட்டியதும் நாலு பேர் ஒரே நேரத்தில் அதை இழுத்துக்கொண்டார்கள். மணப்பெண் ஆல்பத்தைப் புரட்டி அந்தப் படத்தில் நின்றாள்.

"இவரையும் கூப்பிடணும்மா" என்றாள்.

"விலாசம் தெரியாதே" என்றாள் அக்கா.

"அதனால என்னா? சித்திகிட்ட விட்டுடுங்க. அவுங்க தப்பா அனுப்புனா கண்டிப்பா அவருக்குப் போய்ச் சேரும்."